குவாதலூப்பின் விலையில்லா மதிய உணவு

வருகிறவரைத் திருப்பி அனுப்ப முடியாத ஒருவரின் வாசலுக்கு அந்நியர்களை வழிகாட்டி அனுப்ப எனக்கு என்ன உரிமை இருக்கிறது? இந்தக் கேள்வி வகுப்பறையில் எனக்கு வந்ததில்லை. சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், மலைப்பாதை ஒன்றில், புக்கை என்று நாங்கள் சொல்லும் பொங்கல் தீர்ந்துபோன ஒரு பெரிய கிடாரத்தின் பக்கத்தில் நின்றபோதுதான் வந்தது. அந்த வாரம் முழுவதும் நான் கரீபியன் கடலில் உள்ள ஒரு தீவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அந்தத் தீவில் நான் கால் வைத்ததே இல்லை.

நான் சமூகப்பணியில் பட்டம் பெற்றவள். படித்த துறையில் நிலையான வேலை கிடைக்கும்வரை, மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்கு அருகில் உள்ள ஒரு சிறிய பயண முகவர் நிலையத்தில் காலை நேரங்களில் வேலை செய்ய ஒப்புக்கொண்டேன். கொழும்புக்கும் டாக்காவுக்கும் காசாபிளாங்காவுக்கும் சீட்டு எடுக்க வருகிறவர்களால் ஓடுகிற கடை அது. அதன் உரிமையாளர் ஐம்பதைத் தாண்டிய ஒரு சிசிலியப் பெண்மணி. ஊருக்குப் போய் வருகிறவர்களை மட்டும் நம்பினால் கோடைக்குப் பிறகு கடை படுத்துவிடுகிறது என்று அவர் கவலைப்பட்டார். செலவைச் சுருக்கிக்கொண்டு உலகத்தைப் பார்க்க விரும்பும் இளைஞர்களை இணையத்தின் வழியாக ஈர்க்க வேண்டும் என்று முடிவெடுத்தார். அந்தப் பக்கங்களை இத்தாலிய மொழியில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல் பக்கம் குவாதலூப் தீவைப் பற்றியது. குறைந்த செலவில் அங்கே கட்டாயம் பார்க்க வேண்டியவை எவை என்பதை ஒரு வாரத்துக்குள் எழுதித் தர வேண்டும்.

எழுதத் தொடங்கும்வரை அந்தத் தீவு எனக்கு வெறும் பெயராகத்தான் இருந்தது. வரைபடத்தில் அது சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியைப் போல் கிடந்தது. ஒரு சிறகு சுண்ணாம்புக்கல்லால் ஆன தட்டை நிலம். மற்றது காடும் மலையும் சூழ்ந்தது. காட்டுச் சிறகில் இன்னும் புகைந்துகொண்டிருக்கும் எரிமலை ஒன்று இருந்தது. அதன் மேல் ஏறக் கட்டணம் கிடையாது. மேலே போனால் மேகத்தைத் தவிர வேறொன்றும் தெரியாமல் போகலாம் என்று ஏறியவர்கள் எழுதியிருந்தார்கள். கடற்கரைகள் எல்லாம் பொதுவானவை. ஓரிடத்தில் பூமியின் சூட்டில் கொதித்து வரும் ஊற்று கடலோடு கலப்பதால், கடல்நீரே குளியல் வெந்நீராக இருக்கிறதாம். தட்டை நிலத்தின் சிறு ஊரொன்றில் துறைமுகத்திலிருந்து தேவாலயத்துக்கு ஏறும் கற்படிகள் இருந்தன. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க இனங்களின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் படிகளைப் 'பார்க்க வேண்டியவை' என்ற தலைப்பின் கீழ், வெந்நீர்க் கடலுக்கு அடுத்ததாக எழுதலாமா என்று நான் ஒரு காலைப்பொழுது முழுவதும் யோசித்தேன். எழுதாமல் விடுவது அதைவிடப் பிழை என்று தோன்றியதால் எழுதினேன்.

உணவைப் பற்றித் தேடியபோதுதான் ஆர்வம் என்னை முழுதாகப் பிடித்துக்கொண்டது. தெருவோரங்களில் பொரித்த ரொட்டியைப் பிளந்து உப்புமீன் வைத்துத் தருகிறார்கள். ஏழை மாணவனின் பசிக்கு அது போதும். சந்தையில் மஞ்சளும் மல்லியும் சீரகமும் கடுகும் சேர்த்து அரைத்த ஒரு தூள் விற்கிறார்கள். அந்தத் தூளுக்கும் அதைப் போட்டுச் சமைத்த கறிக்கும் அங்கே 'கொலொம்போ' என்று பெயர். நம்முடைய கொழும்புதான் என்பாரும் உண்டு, குழம்புதான் என்பாரும் உண்டு. இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்கடை சரக்குத்தூளுக்கு ஆர் பெர்மெஸ்ஸோ எடுத்துக் குடுத்தது?" என்று கேட்டார். பெர்மெஸ்ஸோ என்பது வதிவிட அனுமதி. அதைப் புதுப்பிப்பதற்காக எங்கள் ஆட்கள் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவின் வாசலில் கழித்த காலைகள் அம்மாவின் நினைவில் எப்போதும் உண்டு.

அந்தத் தூள் தனியாகப் போகவில்லை. அடிமை முறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஆள் வேண்டும் என்று புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்களை ஒப்பந்தத்தில் கப்பலேற்றினார்கள். அவர்களுடைய வழிவந்தவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். தமிழ் பேசுவது நின்றுவிட்டது. ஆனால் வாழைத் தோட்டங்களின் நடுவே, தெருவோரத்தில், வண்ணம் பூசிய கோயில்கள் நிற்கின்றன. பூசையில் பாடப்படும் பாட்டுகளில் பொருள் தெரியாமலே தமிழ்ச் சொற்கள் நிலைத்திருக்கின்றன. இலங்கையின் மன்னாரிலிருந்து வந்து இந்த நகரத்தின் வீடுகளைத் துடைத்து என்னைப் படிக்கவைத்த பெற்றோருக்குப் பிறந்தவள் நான். அந்தச் செய்தியை ஒரு சுற்றுலாக் குறிப்பாக மட்டும் வாசிக்க என்னால் முடியவில்லை. பக்கத்துக்குத் தேவையானதைவிட அதிகமாகத் தேடினேன்.

உரிமையாளருக்கு அந்தத் தீவில் ஒரு பெண்ணின் தொடர்பு இருந்தது. சமையலறையோடு கூடிய அறைகளைக் குறைந்த வாடகைக்கு விடுகிறவர். தாய்வழியில் அவரும் அந்தக் கப்பல்களில் வந்தவர்களின் வழி. பள்ளியில் படித்த பிரெஞ்சைக் கொண்டு அவரோடு தொலைபேசியில் பேசினேன். கோயில்களில் நடக்கும் ஒரு விருந்தைப் பற்றி அவர் சொன்னார். வீட்டில் ஒருவர் கடும் நோயில் விழுந்தால் குடும்பம் ஒரு வாக்குக் கொடுக்கும். நோய் தீர்ந்ததும் ஒரு நாள் குறித்து, மேளம் அடித்து, ஆட்டைப் பலியிட்டு, சோறும் கொலொம்போக் கறியும் வாழையிலையில் பரிமாறுவார்கள். வருகிற எல்லோருக்கும் இலை விழும். முன்பின் தெரியாதவர்களுக்குமா என்று கேட்டேன். வந்தவரை எப்படிப் போ என்பது என்று சிரித்தபடி பதில் சொன்னார்.

அந்தச் சிரிப்பை நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன். தீவின் மிகச் சிறந்த மதிய உணவுக்கு விலையே இல்லை என்று தொடங்கி, எந்தச் சாலையில் எந்தத் திருப்பத்தில் அந்தக் கோயில் இருக்கிறது, மேளச் சத்தம் கேட்டால் எப்படி உள்ளே போவது என்பதுவரை ஒரு பத்தி எழுதினேன். பக்கம் முழுவதிலும் இதுதான் சிறந்தது என்றார் உரிமையாளர். திங்கட்கிழமை வெளியிடுவதாக ஏற்பாடு.

அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நான் மொந்தே பெல்லெக்ரினோவில் இருந்தேன். நகரத்தின் வடக்கே கடலோரமாக எழும் அந்த மலையில், ஒரு குகைக்குள், நகரின் காவல் புனிதையான சாந்தா ரோசாலியாவின் ஆலயம் இருக்கிறது. பலெர்மோவின் தமிழர்கள் ஞாயிறு காலைகளில் அந்த மலையில் ஏறுவார்கள். கத்தோலிக்கர்கள் மட்டுமல்ல, சைவர்களும் ஏறுவார்கள். பழைய கற்பாதையில் வெறுங்காலோடு, சிலர் செபமாலையோடு, சிலர் தேவாரத்தோடு, சிலர் ஊர்க் கதையோடு. வேண்டுதல் நிறைவேறியவர்கள் பாதையோரத்தில் நின்று ஏதாவது உண்ணக் கொடுப்பது எங்களிடையே வழக்கமாகிவிட்டது.

அன்று கொடுத்தவர் கால்சா பகுதியில் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் இருக்கும் அக்கா. மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்தவர். ஒரு வயதான இத்தாலியச் சின்யோராவின் வீட்டில் வேலை செய்கிறார். கடந்த குளிர்காலத்தில் அவருடைய கணவருக்கு இருதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவர்கள் நம்பிக்கையாக எதுவும் சொல்லாத ஒரு பகலில், மருத்துவமனை வாசலில் நின்று அக்கா நேர்த்தி வைத்தார். கணவர் எழும்பி நடந்தால், ஒரு ஞாயிறு முதல் ஏற்றத்திலிருந்து ஆலயத்தின் பூசை மணி அடிக்கும்வரை, அந்தப் பாதையால் ஏறுகிற ஒருவரையும் வெறுங்கையோடு விடமாட்டேன். அதுவரை நானும் வாயில் ஒன்றும் வைக்கமாட்டேன். இதுதான் அவர் கொடுத்த வாக்கு. கணவர் எழும்பினார், நடந்தார். அன்று அக்காவோடு மெதுவாக மலையில் ஏறவும் செய்தார். வாக்கில் ஒரு சொல் தவறினாலும், பெற்றது திருப்பி எடுக்கப்பட்டுவிடும் என்று அக்கா உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கையை நான் பகிரவில்லை. அந்தப் பயம் உண்மையானது என்பதில் மட்டும் எனக்கு ஐயம் இருந்ததில்லை.

சர்க்கரைப் புக்கை ஒரு கிடாரம் நிறைய; கூடவே தேங்காய்ச் சொட்டுப் போட்டுத் தாளித்த கடலை. மோட்டார் வீதி கற்பாதையைக் குறுக்கறுக்கும் ஒரு திருப்பத்தில், ஊசியிலை மரங்களின் நிழலில் கிடாரத்தை இறக்கினோம். கீழே துறைமுகமும் அதற்கப்பால் கடலும் தெரிந்தன. நான் காகிதக் கோப்பைகளை எடுத்துக் கொடுத்தேன்; அக்கா நிரப்பினார்; அக்காவின் கணவர் ஒரு கல்லில் அமர்ந்து வருகிறவர்களை வரவேற்றார். யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர், எங்கள் சந்தில் இருப்பவர், சைவர், உதவிக்கு வந்து உதவியைவிட அதிகமாக ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, எண்ணிக்கை சொல்லாமல் ஆரும் நேர்த்தி வைப்பினமே? நூறு பேர் எண்டு சொல்லியிருந்தால் நூறோடை முடிஞ்சிருக்கும்."

"ஆஸ்பத்திரி வாசலிலை நிண்டு அழேக்கை ஆர் அண்ணை கணக்குப் பாக்கிறது?" என்றார் அக்கா, கரண்டியை நிறுத்தாமல்.

"நூறு எண்டு கேட்டிருந்தால் ரோசாலியா எனக்கும் நூறு நாள்தான் தந்திருப்பா," என்றார் கணவர். "நல்லகாலம், இவ கணக்கிலை மட்டு."

காலை நன்றாகவே போயிற்று. எங்கள் குடும்பங்கள் வந்தன. வெறுங்காலோடு ஏறும் சிசிலியர்களும் வந்தார்கள். அவர்களில் பலர் ஆண்டுதோறும் எங்கள் உணவைக் கண்டு பழகியவர்கள். கோப்பையை வாங்கும்போது நெஞ்சில் சிலுவை வரைந்துகொண்டு, யாருக்காக என்று கேட்பார்கள். அக்கா கணவரைக் காட்டுவார். அவர் கல்லிலிருந்து கையை உயர்த்துவார். கேட்டவர்கள் ஒருமுறை அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மேலே போவார்கள். புக்கையைவிட அந்தத் தலையசைப்புகளால்தான் அக்காவின் முகம் மலர்ந்ததாக எனக்குப் பட்டது.

பூசை மணிக்கு இன்னும் நேரம் இருந்தபோது, முதுகுப் பைகளோடும் மலையேறும் சப்பாத்துகளோடும் ஒரு கூட்டம் இளைஞர்கள் வந்தார்கள். வட இத்தாலியப் பேச்சு. ஒரு டசினுக்கு மேல் இருப்பார்கள். திருப்பத்தில் எங்களைக் கண்டதும், தேடி வந்ததைக் கண்டுபிடித்தவர்களின் மகிழ்ச்சி அவர்களிடம் தெரிந்தது. இங்கேதான், இங்கேதான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். மரியாதையான பிள்ளைகள். நன்றி சொல்லி வாங்கினார்கள், புல்லில் அமர்ந்து சாப்பிட்டார்கள், படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்தார்கள். யாருக்காக என்று மட்டும் அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

"உவை சப்பாத்தோடை வருகினம்," என்று அண்ணை தாழ்ந்த குரலில் முறைப்பாடு செய்தார்.

"என்ரை நேர்த்தியிலை சப்பாத்தைப் பற்றி ஒண்டும் இல்லை," என்றார் அக்கா.

புக்கை அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஒருவர் இரண்டாவது முறை கேட்டார், அக்கா கொடுத்தார். அதைக் கண்டு மற்றவர்களும் எழுந்து வந்தார்கள். சிலர் கோப்பையைக் காட்டி, நிறைய, நிறைய என்று சிரித்தார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். மறுக்கும்படி கண்ணால் சொன்னேன். அவர் அதைப் புரிந்துகொண்டும் புரியாதவர் போல் கரண்டியைக் கிடாரத்துக்குள் விட்டார். ஏறுகிற ஒருவரையும் வெறுங்கையோடு விடமாட்டேன் என்றவர், நீட்டிய கையை முதல்முறையா இரண்டாம் முறையா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பார்?

அவர்களில் ஒரு பெண் என்னிடம் பேச்சுக் கொடுத்தாள். இந்த இடம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். கைபேசியை எடுத்து ஒரு இணையப் பக்கத்தைக் காட்டினாள். காசில்லாமல் பலெர்மோவைப் பார்ப்பது எப்படி என்பது அதன் பொருள். சந்தைகள், வியா மக்வேதா கடைத்தெருவில் மாலை நடை, துறைமுகத்து மதில், அவற்றுக்கு அடுத்து நாங்கள். ஞாயிறு காலையில் மலைப்பாதையில் தமிழர்கள் இலவசமாகக் காலை உணவு கொடுக்கிறார்கள், தவறவிடாதீர்கள் என்று எழுதியிருந்தது. அந்தப் பாதையை எங்கிருந்து தொடங்குவது, எந்தத் திருப்பத்தில் நிற்பது என்பதும் இருந்தது. எழுதியவர் யாரென்று தெரியவில்லை. அன்பாகத்தான் எழுதியிருந்தார். எங்களை நல்லவர்கள் என்று பாராட்டியும் இருந்தார். அந்த வாக்கியங்களின் அமைப்பு எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதே வகையான பத்தி ஒன்றைத்தான் நானும் அந்த வாரம் எழுதி முடித்திருந்தேன்.

கரண்டி கிடாரத்தின் அடியில் உரசும் சத்தம் கேட்டது.

"பிள்ளை, கடலை ஏதும் கிடக்கோ?" என்று அக்கா என் காதருகே கேட்டார்.

கடலை முன்னரே முடிந்திருந்தது. பாதையின் கீழ்த்திருப்பத்தில் இன்னும் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். குழந்தையைத் தோளில் வைத்த ஒருவர், எங்கள் ஆலயப் பாடகர் குழுவைச் சேர்ந்த சிலர், சப்பாத்துகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறும் ஒரு வயதான சிசிலியப் பெண். அவர்கள் அருகில் வர வர அக்காவின் முகத்தில் நிறம் குறைந்தது.

"இஞ்சாரும்," என்றார் கணவர், "முடிஞ்சால் முடிஞ்சதுதானே. என்ரை இருதயம் என்ன உம்மடை கிடாரத்துக்குள்ளையோ கிடக்கு?"

"பகிடி விடாதேங்கோ."

அவர் கல்லில் இருந்தபடியே கழுத்தை நீட்டிக் கிடாரத்துக்குள் பார்த்தார்.

என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கீழே போய்ச் சந்தையில் ஏதாவது வாங்கி வருவதற்குள் மணி அடித்துவிடும். இளைஞர்களிடம் போய் விடயத்தைச் சொன்னேன்: இது ஒரு வாக்கு, இன்னும் ஆட்கள் வருகிறார்கள், உணவு தீர்ந்துவிட்டது. அவர்கள் உண்மையாகவே கலங்கினார்கள். ஒருவன் உடனே பணப்பையைத் திறந்து தாள்களை நீட்டினான்.

"காசை வைக்கச் சொல்லு, பிள்ளை. இது கடையில்லை," என்றார் அக்கா. பிறகு தன் சீலைத் தலைப்பை எடுத்து, இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தார். "தின்னக்கூடியது ஏதும் வைச்சிருக்கினமோ எண்டு கேள். நான் மடிப்பிச்சை எடுக்கிறன்."

நேர்த்தியை நிறைவேற்றத் தன்னிடம் உள்ளது போதாதபோது, சீலைத் தலைப்பை ஏந்தி மற்றவர்களிடம் கேட்டுப் பெறுவது எங்கள் ஊர்களின் வழக்கம். வசதி உள்ளவர்களும் எடுப்பார்கள். கேட்கும் அளவுக்குத் தாழ்வதுதான் அங்கே காணிக்கை. ஆனால் அதற்கும் ஒழுங்கு உண்டு, அண்ணை அதை மறக்கவில்லை.

"மடிப்பிச்சை எண்டால் நேர்த்தி தொடங்க முன்னம் எடுக்கோணும். சமைச்சு முடிச்சு, குடுத்து முடிச்சு, பேந்து எடுக்கிறதோ?"

"மணி அடிக்கேல்லை. அப்ப இன்னும் முடியேல்லை," என்றார் அக்கா.

மடிப்பிச்சை என்பதை இத்தாலிய மொழியில் எப்படிச் சொல்வது? உங்களுக்கு உணவு கொடுத்த இந்தப் பெண் இப்போது உங்களிடம் பிச்சை கேட்கிறார் என்று சொன்னேன். அதைவிட நல்ல வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. என்னோடு பேசிய பெண் முதுகுப் பையைக் கழற்றி, எள் தூவிய ரொட்டி ஒன்றை எடுத்து, இரண்டு கைகளாலும் சீலைக்குள் வைத்தாள். அவளைத் தொடர்ந்து மற்றவர்களும் பைகளைத் திறந்தார்கள். பீச் பழங்கள், பிஸ்கட், பாதாம், உடைந்த சாக்லேட், வியா மக்வேதாவில் வாங்கிக் காகிதத்தில் சுற்றிய அரஞ்சீனே என்ற பொரித்த சோற்றுருண்டைகள்.

"அதுக்குள்ளை இறைச்சி கிடக்கு," என்றார் அண்ணை.

"உங்களுக்குத் தாறன் எண்டு ஆர் சொன்னது?"

கணவர் கல்லில் இருந்தபடியே சிரித்தார். அக்காவும் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் அவர் பாதையின் பக்கம் திரும்பிவிட்டார். குழந்தையோடு வந்தவருக்கு ரொட்டியில் ஒரு துண்டும் ஒரு பழமும். பாடகர் குழுவினருக்கு பிஸ்கட்டும் பாதாமும். இளைஞர்கள் பழங்களைப் பேனாக்கத்தியால் பிளந்து எங்களுக்கு எடுத்துத் தந்தார்கள். யாரும் கேட்காமலே கிடாரத்தின் மறுபக்கம் வந்து நின்றார்கள். வயதான சிசிலியப் பெண் பாதிப் பழத்தைப் பெற்றுக்கொண்டு, யாருக்காக என்று கேட்டார். அக்கா கணவரைக் காட்டினார். அந்தப் பெண் அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, தன் பையிலிருந்து வறுத்த பூசணி விதைப் பொட்டலம் ஒன்றை எடுத்துச் சீலைக்குள் போட்டுவிட்டு நடந்தார். அந்த விதைகளும் பின்னால் வந்தவர்களின் கைகளுக்குப் போயின.

மேலே மணி அடித்தது. பாதையில் யாரும் வெறுங்கையோடு இல்லை. அக்கா சீலைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகிவிட்டு நிலத்தில் உட்கார்ந்தார். அழுதார். கணவர் எழுந்து வந்து, தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தார்.

ஆலயத்துக்குப் போகும் ஏற்றத்தில் அந்த இளம்பெண் என்னோடு நடந்தாள். நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டாள். நான் அவளுக்குக் குற்றம் எதையும் சுமத்த விரும்பவில்லை. முதல் கோப்பையோடு நின்றிருக்கலாம் என்று மட்டும் சொன்னேன். "இலவசம் என்று எழுதியிருந்தது," என்றாள் அவள். "யாராவது எங்களை நிறுத்துவார்கள் என்று நினைத்தோம்." நானும் அப்படித்தான் நினைத்து எழுதியிருந்தேன். அளவுக்கு மீறினால் அங்கே உள்ளவர்கள் நிறுத்திவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் கோயிலுக்கு வழி சொல்லியிருந்தேன். கொடுப்பதாக வாக்குக் கொடுத்தவருக்கு நிறுத்தும் உரிமை இல்லை என்பது என் கணக்கில் வந்திருக்கவில்லை. குகைக்குள் பாறையிலிருந்து சொட்டும் நீரைத் தகரத் தகடுகள் ஏந்திச் சுவரோரம் கொண்டுபோகின்றன. பூசை முழுவதும் அந்தத் தகடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை உரிமையாளரிடம் பக்கத்தை ஒரு நாள் தள்ளிவைக்கும்படி கேட்டேன். காரணத்தைச் சொன்னபோது அவர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் மலையில் நடந்தது வேறு, கடல் தாண்டிய தீவில் நடப்பது வேறு என்றார். பிற்பகலில், தீவில் பொழுது விடிந்த பிறகு, அறைகள் வாடகைக்கு விடும் பெண்ணை அழைத்தேன். உங்கள் விருந்தில் உணவு போதாமல் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

அவர் ஒரு சம்பவத்தைச் சொன்னார். ஒரு குடும்பத்தின் விருந்துக்கு, விடுதி ஒன்றிலிருந்து வேனில் சிலர் வந்தார்களாம். முதல் பந்தியிலேயே அமர்ந்தார்கள். மகிழ்ச்சியாகச் சாப்பிட்டு, நன்றி சொல்லிப் போனார்கள். உறவினர்களுக்கும் அயலவர்களுக்கும் சோறு போதவில்லை. பக்கத்து வீட்டு அடுப்புகளில் மறுபடியும் உலை வைத்தார்கள். வாக்குக் கொடுத்த பெண் பொழுது சாயும்வரை பட்டினி. உறவினர்கள் விருந்துக்கு வெறுங்கையோடு வருவதில்லை. முதல் நாளே அரிசியோ எண்ணெயோ பூவோ கொண்டுவந்து கொடுப்பார்கள், இலை நறுக்குவார்கள், பாத்திரம் கழுவுவார்கள். வேனில் வந்தவர்களுக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை.

"அவர்கள் சாப்பிட்டதில் எங்களுக்குக் குறை இல்லை," என்றார். "வருவார்கள் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதுதான்."

பத்தியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். கோயில் தெருவோரத்தில்தான் இருக்கிறது, அதன் வண்ணங்களை வெளியில் நின்று பார்ப்பதில் யாருக்கும் தொல்லை இல்லை, அதை எழுதுங்கள் என்றார். விருந்தை எழுத வேண்டாம். தன் வீட்டில் தங்குகிறவர்கள் ஒருவரோ இருவரோ, தனக்கும் அழைப்பு இருக்கும் நாளாக இருந்தால், தானே கூட்டிக்கொண்டு போவதாகவும், கையில் என்ன கொண்டுபோக வேண்டும் என்பதைத் தானே சொல்லிக்கொள்வதாகவும் கூறினார். உரையாடலின் முடிவில், நீங்கள் மலையில் கொடுத்தது என்ன உணவு என்று விசாரித்தார். பச்சரிசியும் பாசிப்பருப்பும் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் என்றேன். செய்முறையை எழுதி அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

உரிமையாளரை இணங்கவைப்பது எளிதாக இருக்கவில்லை. நாம் எழுதாவிட்டால் வேறொருவர் எழுதுவார், பயணிகள் எப்படியும் போவார்கள், நாம் மட்டும் ஒரு நல்ல பத்தியை இழப்போம் என்றார். வேறொருவர் செய்வார் என்பது நான் செய்வதற்குக் காரணமாகாது என்று மட்டும் சொன்னேன். அது அவரை அசைக்கவில்லை. விருந்து எந்த நாளில் நடக்கும் என்பது முன்கூட்டியே தெரியாது, தேடிப்போய் ஏமாந்தவர்கள் கடையைத்தான் குறை சொல்வார்கள் என்று பிறகு சொன்னேன். அதை அவர் ஏற்றுக்கொண்டார். என் நியாயத்தை அல்ல, அவருடைய அச்சத்தைப் பிடித்துத்தான் நான் வென்றேன் என்பதை மறைப்பதற்கில்லை.

அக்காவிடமும் இந்தக் கதையைச் சொன்னேன். தீவில் மடிப்பிச்சை எடுப்பார்களா என்று அவர் கேட்டார். அடுத்த முறை கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கணவரோ, அந்தக் கொலொம்போத் தூளில் மிளகாய் உண்டா இல்லையா என்பதை முதலில் விசாரிக்கும்படி சொன்னார். உப்பும் உறைப்பும் குறைக்கச் சொல்லி மருத்துவர் கட்டளையிட்டிருந்ததால், உலகத்தின் எந்த மூலையிலாவது உறைப்பில்லாத கறிக்கு நியாயம் தேடிக்கொண்டிருந்தார்.

குவாதலூப் பக்கம் அந்தப் பத்தி இல்லாமல் வெளிவந்தது. பலெர்மோவைப் பற்றிய அந்த மற்றப் பக்கத்தை எழுதியவருக்கு, மலைப்பாதையைப் பற்றிய வரியை நீக்கும்படி இரண்டு முறை எழுதினேன். பதில் வரவில்லை, வரி இன்னும் இருக்கிறது. அதன் பிறகு வேறு தீவுகளைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். எழுதுவதற்கு முன் அங்கே வசிக்கும் ஒருவரையாவது தேடிப் பேசுகிறேன். அவர் வேண்டாம் என்பதை விட்டுவிடுகிறேன். ஒரு பக்கத்தை முடிக்க எனக்கு இப்போது முன்னைவிட அதிக நாட்கள் ஆகின்றன. அதனால் உரிமையாளர் எனக்குக் குறைவான பக்கங்களே தருகிறார்.